கேழ்வரகுக்கு ஒன்றும் ஆகவில்லை

ஆனி 28

மாதேசனின் காரியம் நேற்றோடு முடிந்தது. பந்தலைப் பிரித்தாயிற்று. பாத்திரக்காரன் ஒரு கரண்டி குறைகிறது என்று நின்றான். தேடிக் கொடுத்தேன்.

என் ஒரே தம்பி. ஓசூரில் கட்டட வேலை செய்தவன், சாரம் சரிந்து விழுந்து போய்விட்டான். எனக்கும் அவனுக்கும் இருபது வயது வித்தியாசம். தூக்கி வளர்த்தவன் நான். எனக்கும் ருக்குவுக்கும் பிள்ளை இல்லை என்பதால் அவன்தான் எங்களுக்குப் பிள்ளை மாதிரி. அவன் பெண்டாட்டி பவுனு, மகள் தர்ஷினி. தர்ஷினி ஒன்றாம் வகுப்பு.

பவுனுவின் அண்ணன், தங்கையைத் தன் ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். மனசில்லாமல்தான் சொன்னான்; அவன் பெண்டாட்டி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவுனுவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"எனக்குக் கொல்லை இருக்குதுண்ணா. பயிர் வெச்சிக்கினு இங்கியே இருக்கறேன்."

பள்ளிக்கூடம் மாற்றினால் பிள்ளையின் படிப்பு கெடும் என்று மட்டும் சொன்னேன்.

கண்டக்டராக இருந்த காலத்தில் தினமும் எழுதிய கை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இனி இதில் விவசாயத்தை எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன்.

ஆடி 4

நேற்று சாயங்காலம் நல்ல மழை. மண் இரண்டு சாண் நனைந்திருக்கிறது.

எங்கள் நிலம் முழுவதும் மானாவாரி. மழை பெய்தால் பயிர், இல்லையென்றால் இல்லை. மேற்கே உயரமாக இருக்கும் பாதி தம்பியுடையது, மேட்டுக்கொல்லை என்போம். கிழக்கே தாழ்ந்த பாதி என்னுடையது. நடுவில் ஒரு வரப்பு. பட்டா இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது.

நான் இந்த வருஷமும் மக்காச்சோளம்தான். கோழித்தீவன ஆட்கள் கொல்லைக்கே வந்து எடுத்துக்கொள்கிறார்கள். டிராக்டர் சொல்லியிருந்தேன். கையோடு மேட்டுக்கொல்லையையும் ஓட்டி மக்காச்சோளமே போட்டுவிடுகிறேன், அறுத்ததில் உன் பங்கை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன், நீ வெயிலில் காய வேண்டாம் என்று பவுனுவிடம் போய்ச் சொன்னேன்.

"வேணாம் மாமா. நான் கேவுருதான் போடப்போறேன். ஊட மொச்ச, அவர, தொவர எல்லாம் உடணும். அதுக்கு மாட்டு ஏருதான் சரி."

"இந்தக் காலத்துல யாரு அப்பிடிப் போடறாங்க?"

"கேவுரு கார்த்தியில வந்துரும், சோத்துக்கு ஆச்சு. மார்கழில இருந்து பச்ச மொச்ச பறிச்சி விக்கலாம். அது ஓயறப்ப தொவர. கடைசியா ஓரத்துல இருக்கற ஆமணக்கு. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். மாசம் ஒண்ணு கைக்கு வந்துக்கினே இருந்தா யாருகிட்டயும் போயி நிக்க வேணாம் பாருங்க."

யாருகிட்டயும் என்றாள். இங்கே வேறு யார் இருக்கிறார்கள், என்னைத் தவிர?

ஆடி 9

மேட்டுக்கொல்லையில் விதைப்பு. சென்னப்பன் தன் மாடுகளைக் கொண்டு வந்திருந்தான். இந்தப் பக்கத்தில் இன்னும் ஏர் மாடு வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். முதலில் கேழ்வரகைத் தூவினார்கள். பிறகு அவன் எட்டு முழத்துக்கு ஒரு சால் பிடித்துக்கொண்டே போக, பின்னால் பவுனு மடியில் மொச்சையும் துவரையும் கலந்து கட்டிக்கொண்டு சாலில் போட்டுக்கொண்டே போனாள். புடவைக்கு மேல் மாதேசனின் நீலச் சட்டை. தலையில் துண்டு.

மாடு ஒன்று திரும்ப மறுத்து அடம்பிடித்தது. சென்னப்பன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். வரப்பு வரைக்கும் கேட்டது.

தம்பி போய் ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

என் கொல்லையில் டிராக்டர் ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். வரப்பில் அடைக்க வேண்டிய எலி வளைகள் இருந்தன.

ஆடி 18

பண்டிகை. பென்னாகரத்தில் புடவை எடுத்தேன், பச்சையில் சிவப்புக் கரை. ருக்குவிடம் கொடுத்து அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"வேணாங்குறா. அக்கா நீங்களே கட்டிக்குங்கன்னுட்டா."

"நல்ல நாளு அதுவுமா..."

"எனக்கு எங்க?" என்றாள் ருக்கு.

அவளே அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் என் எதிரில் நடமாடினாள். அவளுக்கு அந்த நிறம் பொருந்தாது.

ஆடி 27

எல்லாம் முளைத்துவிட்டது. மேட்டுக்கொல்லையில் கேழ்வரகு பச்சைப் பாய் விரித்த மாதிரி. இடையில் கோடு கோடாக மொச்சை.

இந்த மாதங்களில் காற்று மேற்கே இருந்துதான் வீசும். அவள் கொத்தும்போது மண்வாசம் என் பக்கம் வருகிறது.

ஆவணி 5

டீக்கடையில் மேட்டுக்கொல்லைப் பயிரைப் பற்றிப் பேச்சு வந்தது. சென்னப்பன் கூலிகூட முழுதாக வாங்கவில்லையாமே என்று யாரோ கேட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்குச் சிரித்தேன், அவ்வளவுதான். எழுந்து வரும்போது, அவன் எதில் வாங்கிக்கொண்டானோ என்றேன். அது சும்மா பேச்சுக்குச் சொன்னது.

ஆவணி 8

காலையில் சென்னப்பனின் பெண்டாட்டி தெருவுக்கு வந்து பவுனுவின் வாசலில் நின்று கத்தினாள். எழுதக் கூடாத வார்த்தைகள். புருஷனைத் தின்றவள் என்றாள். தாலி அறுந்த ஈரம் காய்வதற்குள் என்றாள். தர்ஷினி சீருடையோடு பையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது.

நான் கொஞ்ச நேரம் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கட்டும் என்றுதான். பிறகு வெளியே போய், "எங்க வூட்டுப் பொம்பளையப் பத்திப் பேச நீ யாரு?" என்று அவளை விரட்டினேன். தெருவே பார்த்தது.

பவுனு தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்ப்பாள் என்று நினைத்தேன். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

இனி அந்த மாடுகள் மேட்டுக்கொல்லைக்கு வராது.

ஆவணி 15

இரண்டாம் களை. மாட்டைப் பூட்டி ஓட்டினால் அரை நாள் வேலை. அவள் தனியாகக் களைக்கொத்தோடு குனிந்தபடியே இருக்கிறாள். கூலிக்கு ஆள் வரவில்லையாம்.

ஆவணி 21

மனசு கேட்காமல் நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டிப் போனேன்.

"வேணாம் மாமா. நானே பாத்துக்கறேன்."

"ஒண்டியா எத்தன நாளு கொத்துவ?"

"கை ஒத்தாசன்னா அக்காவ அனுப்புங்க."

கையில் முள் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. எடுத்துவிடலாம் என்று அவள் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படி இழுக்க என்ன இருக்கிறது? நான் அவளுக்கு அப்பா ஸ்தானம். கொத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வரப்பில் ஏறும் வரை குனியவே இல்லை.

ருக்குவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஆவணி 22

பவுனு இன்று தர்ஷினியைப் பள்ளிக்கு அனுப்பாமல் கொல்லைக்குக் கூட்டி வந்திருக்கிறாள். வெயிலில் குழந்தையை எதற்கு வாட்ட வேண்டும்?

புரட்டாசி 3

என் மக்காச்சோளத்தில் படைப்புழு. குருத்துக்குள் இறங்கித் தின்கிறது. ஒரு தடவை மருந்தடித்தும் அடங்கவில்லை. களையும் மண்டிவிட்டது.

மேட்டுக்கொல்லையில் புழு இல்லை. கேழ்வரகு முழங்கால் உயரம். அவரை பூவெடுக்க ஆரம்பித்துவிட்டது. மொச்சைக் கொடி சாலை மறைத்துப் படர்ந்திருக்கிறது. கொல்லைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறார்கள். ஒண்டிப் பொம்பளை எப்படி வைத்திருக்கிறாள் பார் என்று ஊர்க்கவுண்டர் என்னிடமே சொன்னார். இந்த விளைச்சல் வீடு வந்தால் அவளுக்கு இனி யார் தயவும் வேண்டாம் என்றார்.

ஆமாம் என்றேன்.

புரட்டாசி 9

பென்னாகரம் போய்க் களைக்கொல்லி வாங்கி வந்தேன். கடைக்காரப் பையன் விவரமானவன்.

"இது புல்லு சாதிய ஒண்ணும் பண்ணாதுங்க. சோளம், கேவுரு எல்லாம் அப்பிடியே நிக்கும். அகல எலச் செடி மட்டும்தான் சுருண்டு போவும். பக்கத்துல பயறு, மொச்ச ஏதாச்சும் இருந்தா பாத்து அடிங்க."

பார்த்துத்தான் அடிப்பேன் என்றேன்.

புரட்டாசி 11

காலையில் மக்காச்சோளத்துக்குக் களைமருந்து அடித்தேன். நல்ல வெயில், மேல்காற்று. பவுனு தர்ஷினியைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அங்கே இன்று கூட்டம், மத்தியானம் வரை வர முடியாது.

என் கொல்லைக்கு மூன்று டேங்க் போதும். ஆறு ஆயிற்று. முதுகெல்லாம் வலி.

புரட்டாசி 12

மொச்சைக் குருத்துகள் எல்லாம் கீழே வளைந்துவிட்டன. பாம்பு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. துவரைத் தண்டு தரையைத் தொடுகிறது. அவரை இலைகள் கிண்ணம் மாதிரி குவிந்து கிடக்கின்றன. ஒரு நாளில் இவ்வளவு வேகம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பவுனு காலையில் வந்தாள். முதலில் தண்ணீர் குறைந்து வாடிவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது. குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து ஒவ்வொரு செடியாக ஊற்றினாள். ஒரு சால் முழுவதும் ஊற்றினாள். பிறகு குனிந்து ஒரு குருத்தை நிமிர்த்திப் பிடித்தாள். விட்டால் மறுபடி வளைந்தது. நிமிர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நான் வரப்பிலிருந்து, "என்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"நேத்து மருந்து அடிச்சீங்களா மாமா?"

"என் கொல்லைக்கு அடிச்சேன். காத்துல இந்தப் பக்கம் வந்துடுச்சோ என்னமோ. இந்த மருந்துங்க எல்லாம் அப்பிடித்தான்."

அவள் எழுந்தாள். முந்தானை அவளுக்குப் பின்னாலிருந்து முன்னால், என் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

"மேக்கால இருந்து வர்ற காத்துல, கெழக்க அடிச்ச மருந்து எப்பிடி மாமா மேக்க வரும்?"

நேற்று காலையில் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

கேழ்வரகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் சொன்னேன்.

புரட்டாசி 24

மொச்சை, அவரை, துவரை எல்லாம் கறுத்துக் காய்ந்துவிட்டன. ஓரத்து ஆமணக்குகூட. பச்சைக் கேழ்வரகுக்கு நடுவில் கறுப்புக் கோடுகள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இப்போதும் பார்க்கிறார்கள்.

நேற்று அவள் வீட்டுக்கு ஒரு சிப்பம் அரிசி எடுத்துக்கொண்டு போனேன். இனிமேல் ஆக வேண்டியதைச் சொல்லத்தான்.

"நான் இருக்கறப்ப நீ எதுக்குக் கவலப்படற? நம்ம வூட்டுலயே வந்து இருந்துக்க. எடமா இல்ல?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா இதுக்கு என்னா சொன்னாங்க?"

"அவ என்னா சொல்றது."

"அரிசிய எடுத்துக்கினு போங்க மாமா."

அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி பெய்த மழையில் மூட்டை நனைந்து, காலையில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அரிசியை அப்படி விடலாமா? திமிர்தானே அது.

ஐப்பசி 10

அடைமழை. மக்காச்சோளம் பாதி சாய்ந்துவிட்டது.

ஐப்பசி 19

ருக்குவுக்கு என்னவோ ஆகிவிட்டது. சாப்பிடும்போது, "பவுனு கொல்லையில கருகினதெல்லாம் புடுங்கிப் போட்டுட்டா, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன்.

"கேவுரு நல்லாத்தான் இருக்குது."

"அதுக்கு ஒண்ணும் ஆவலியே."

"ஆமா. அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆவல." குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டு நிறைந்து வழிந்து தரைக்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை.

கார்த்திகை 12

மேட்டுக்கொல்லையில் கேழ்வரகு அறுப்பு. கதிர் பரவாயில்லை. அடித்துத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். தனியாகத்தான்.

களி கிண்டலாம். களியை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்? உப்புக்கும் எண்ணெய்க்கும் பிள்ளை செருப்புக்கும் மொச்சையைத்தான் நம்பியிருந்தாள். எப்படியும் வருவாள்.

கார்த்திகை 20

வந்தாள். ஆனால் நேராக அடுப்படிக்குப் போய் ருக்குவிடம் பேசினாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். பெண்கள் விடுதியிலேயே தங்க வேண்டுமாம். குழந்தையை வைத்துக்கொள்ள விடமாட்டார்களாம். அண்ணன் வீட்டில் அண்ணி முடியாது என்றுவிட்டாள். தனியாக ஒரு ரூம் பார்க்கும் வரை தர்ஷினி இங்கே இருக்கட்டும் என்றாள்.

நான் கூடத்தில் இருந்தேன். எல்லாம் கேட்டது.

"உங்கள நம்பித்தான் உட்டுட்டுப் போறேங்க்கா."

ருக்கு பதிலே சொல்லவில்லை. அழுதாள் என்று நினைக்கிறேன்.

நான் எழுந்து போய், "எதுக்கு ஓசூரு? அங்கதான் அவன் செத்தான்" என்றேன். பவுனு என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தபடி, "அதனாலதான் தைரியமா போறேன். அங்க இனிமே எனக்கு என்னா ஆவப்போவுது?" என்றாள்.

இது நான் நினைத்தது இல்லை.

கார்த்திகை 22

காலையில் முதல் பஸ்ஸுக்கே பவுனு போய்விட்டாள். தர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். எழுந்து வீடு முழுக்கத் தேடியது.

இருக்கட்டும். பிள்ளை இங்கே இருக்கிறது. எங்கே போனாலும் இங்கே வந்துதானே ஆக வேண்டும்.

மார்கழி 3

பவுனு தினமும் வேலை முடிந்து என் போனுக்குத்தான் கூப்பிடுகிறாள். வேறு வழியில்லை, ருக்குவிடம் போன் இல்லை. முதல் வாரம் பிள்ளையிடம் கொடுத்தேன். பேசி முடித்ததும் பிள்ளை ஒரு மணி நேரம் அழுகிறது, சாப்பிடுவதில்லை. அதன் நல்லதுக்காக அதற்குப் பிறகு, தூங்கிவிட்டாள் என்று சொன்னேன்.

"இவ்ளோ சீக்கிரமாவா மாமா?"

"வெளையாடிக் களச்சிட்டுது. நீ எப்பிடி இருக்கற? சாப்பாடு எல்லாம் எப்பிடி?"

"நாளைக்குப் பண்றேன் மாமா."

இப்போதெல்லாம் தினமும் தூங்கிவிடுகிறாள். பவுனு என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கிறாள். ஒரு நாள் மூன்று நிமிஷம் பேசினாள், தர்ஷினிக்குக் காய்ச்சல் என்று நான் சொன்னதால். காய்ச்சல் பெரிதாக ஒன்றும் இல்லை.

மார்கழி 17

தர்ஷினி கேட்டது: "அம்மா இன்னிக்கும் போன் பண்ணலியா பெரியப்பா?"

"இல்லம்மா. வேல இருக்கும்."

ருக்கு அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் வீட்டில் ஒரு பிள்ளை வேண்டியிருக்கிறது. ராத்திரி அதன் தலையில் எண்ணெய் வைத்துக் கோதிக்கொண்டே இருக்கிறாள்.

மார்கழி 24

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பவுனு சொல்லியிருந்தாள். எனக்கு மறந்துபோய்விட்டது. தர்ஷினியை ஒகேனக்கல் கூட்டிப்போனேன். பரிசலைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஒரே குஷி. திரும்பும்போது இருட்டிவிட்டது. பவுனு கடைசி பஸ் வரைக்கும் காத்திருந்துவிட்டுப் போனாளாம். ஒரு பாவாடை சட்டையும் ஒரு பொட்டலம் மிக்சரும் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பாவாடை அளவு சின்னது. பிள்ளை வளர்ந்துவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

தை 3

பொங்கல் நன்றாக நடந்தது. தர்ஷினிக்கு நான் எடுத்த கவுன். கண்ணாடிக்கு முன்னால் நின்றபடியே கேட்டது:

"அம்மாவுக்கு அங்க வேற பாப்பா இருக்குதா பெரியப்பா?"

எங்கிருந்து இந்த யோசனை வந்ததோ. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. "தெரியலியே கண்ணு" என்றேன். தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல முடியும்?

பவுனு பொங்கலுக்கு வரவில்லை. லீவு கொடுக்கவில்லையாம்.

தை 21

பிள்ளை இப்போது அம்மாவைப் பற்றிக் கேட்பதில்லை.

மாசி 9

பவுனு ரூம் பார்த்துவிட்டாளாம். பக்கத்திலேயே பள்ளிக்கூடமாம். ஞாயிறு வந்து பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்று போனில் சொன்னாள். வருஷப் பரீட்சை முடியட்டும் என்றேன். ஒன்றாம் வகுப்புக்கு என்ன பரீட்சை மாமா என்றாள்.

குரல் மாறியிருக்கிறது.

மாசி 13

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பவுனு பத்து மணி பஸ்ஸில் வந்தாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லாமல், "தர்ஷூ" என்று கூப்பிட்டாள். பிள்ளை ஓடி வந்து, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்ததும் நின்றுவிட்டது. பிறகு மெல்ல நடந்து என் பின்னால் போய் வேட்டியைப் பிடித்துக்கொண்டது.

"அம்மாடி. வா. அம்மாகிட்ட வா."

"நான் வரமாட்டேன். நீ போ."

"ஏண்டி கண்ணு?"

"நீ போனே பண்ணல. உனுக்கு வேற பாப்பா இருக்குது."

பவுனு படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அப்போதுதான் ருக்கு உள்ளேயிருந்து வந்தாள்.

"தெனமும் போன் பண்ணாளுடி உங்கம்மா. உம்பெரியப்பன்தான் குடுக்கல." பவுனுவைப் பார்த்துத் தொடர்ந்தாள். "மொச்சைக்கு மருந்து அடிச்சதும் இவருதான். அன்னிக்கு நான் சோறு எடுத்துக்கினு வந்து புளியமரத்துக் கீழ நின்னு பாத்தேன். உங்கொல்லைக்குள்ள எறங்கி சாலு சாலா அடிச்சாரு. ஒரு செடி உடல. நான் வாயத் தெறக்கல பவுனு."

"தெரியுங்க்கா," என்றாள் பவுனு.

"என்னா தெரியும்?"

"அவரு அடிச்சதும் தெரியும். நீங்க பாத்ததும் தெரியும். அன்னிக்கு உங்க சோத்துப் போசி மரத்தடியிலயே இருந்துது. நான்தான் கொண்டாந்து உங்க வாசல்ல வெச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். புள்ளைய உடறப்பகூடப் பாத்தேன்."

ருக்கு வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இதுவரை அவள் பேசிக் கேட்கவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் வந்தார். நான் நிதானமாகவே பேசினேன். பிள்ளைக்கே போக இஷ்டம் இல்லை, எல்லாரும் கண்ணால் பார்க்கிறீர்கள் என்றேன். ஒண்டிப் பொம்பளை டவுனில் என்ன லட்சணத்தில் வளர்க்க முடியும் என்றேன். ஊர்க்கவுண்டர், பெத்தவள் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். பவுனு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். பிள்ளையோடு போனால் இனி இந்த ஊர்ப்பக்கம் அவள் எதற்கு வரப்போகிறாள்? என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல், "மேட்டுக்கொல்லைக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போவட்டும்" என்றேன். கொல்லை என்று ஒன்று இருந்தால் விதைக்கவாவது, அறுக்கவாவது வர வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

பவுனு திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"கொல்லைதான் வேணுமா மாமா? அவரு செத்த அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்துட்டுப் போயிருப்பேனே. எடுத்துக்குங்க. இத்தன பேரு முன்னாடி சொல்றேன், எனுக்கும் எம்புள்ளைக்கும் அதுல ஒரு புடி மண்ணு வேணாம்."

பிள்ளையை என் வேட்டியிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். அது உதைத்தது, அவள் தோளைக் கடித்தது. பஸ் வரும் வரை விடவில்லை. பெரியப்பா, பெரியப்பா என்று கத்தியது. பஸ் திரும்பிய பிறகும் கேட்டது. என் பேரைச் சொல்லித்தான் அழுதது. அம்மா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இதை எல்லோரும் கேட்டார்கள்.

மாசி 20

பவுனுவின் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வருகிறது.

பங்குனி 2

நடுவரப்பை வெட்டி எடுத்தாயிற்று. டிராக்டர் மேற்கிலிருந்து கிழக்கே ஒரே ஓட்டமாக ஓட்டியது. டிரைவர், இப்பதான் பாக்க லட்சணமா இருக்குது என்றான். இந்த வருஷம் நிலம் முழுவதும் மக்காச்சோளம்.

பங்குனி 11

இரண்டாம் உழவுக்கு மழை இல்லை. ருக்கு சமைத்து வைத்துவிட்டுக் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். சாப்பிட்டாயா என்றால் பதில் இல்லை. டீக்கடையில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியும். தம்பி பெண்டாட்டி கொல்லைக்கு ஆசைப்பட்டு மருந்தடித்தான், பிள்ளையைப் பிடித்து வைத்துக் கொல்லையை எழுதாமல் எழுதி வாங்கினான் என்று. பவுனுவே அப்படித்தானே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள். ஊரும் கொல்லைக்காகத்தான் என்று நம்பிவிட்டது.

நம்பட்டும். நான் மறுக்கப்போவதில்லை.

ருக்கு மட்டும் நம்பவில்லை.